முகச் சுருக்கமும் தேநீர்க் கோப்பையும்

எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், முதுமைக்கு மட்டும் மருந்தில்லை என்ற கருத்தில் நபிமொழியொன்று அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. எனவே நரையும் சுருக்கமும் வெட்கப்படுவதற்குரியவை அல்ல. ஆனால் காலத்தோடு வரும் முதுமை வேறு. நாமே முன்கூட்டி அழைத்து வரும் முதுமை வேறு. முகம் வாடிவிட்டதென்று கடை கடையாகக் கிறீம் தேடும் சகோதரிகள், தமது தேநீர்க் கோப்பையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

சீனி செய்யும் வேலை

தோலுக்கு உறுதியைத் தருவது கொலாஜன் என்னும் புரத நார். இரத்தத்தில் மிகுதியாகும் சீனி இந்த நார்களில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றை விறைப்பாக்கி விடுகிறது. நெகிழ்வை இழந்த தோலில் சுருக்கம் நிலைத்து விடுகிறது. இதே மாற்றம் இரத்தக் குழாய்களிலும் சிறுநீரகத்திலும் நடைபெறுகிறது. முகம் கண்ணாடியில் தெரிகிறது, அவை தெரிவதில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் அடங்கினால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரையின் கணக்கு. 25 கிராம் என்பது ஏறத்தாழ 6 தேக்கரண்டி. இரண்டு கரண்டி வீதம் மூன்று கோப்பைத் தேநீர் குடித்தாலே அது முடிந்துவிடும். அதற்குமேல் பணிஸ், பிஸ்கட், விருந்தாளிக்கு உடைத்த சோடா எல்லாம் எந்தக் கணக்கில் சேரும்?

எண்ணெய்ச் சட்டி

கடும் சூட்டில் பொரித்துச் சிவக்க வைக்கும் உணவிலும் இவ்வாறான பொருட்கள் உருவாகின்றன. அவித்த உணவில் அவை குறைவு. நோன்பு திறக்கையில் சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் ஒன்றாகச் சேர்வதை எண்ணிப் பாருங்கள். பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி என்று தொடங்கி, பொரியலை ஒன்றோடு நிறுத்தினால் நோன்பின் பயன் உடலுக்கும் கிட்டும்.

உம்மாவின் தட்டு

கொலாஜன் உருவாகப் புரதமும் விற்றமின் சீயும் அவசியம். மீன், முட்டை, பருப்பு புரதம் தரும். கொய்யா, நெல்லி, தோடம்பழம், பப்பாசி விற்றமின் சீ தரும். வல்லாரையை வேகவைக்காமல் தேசிக்காய்ப் புளிவிட்டுச் சம்பலாக்கினால் சூட்டில் சத்து அழியாது. ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? மீன் துண்டு கணவருக்கு, பழம் பிள்ளைகளுக்கு, மிஞ்சிய சோறும் சீனித் தேநீரும் உம்மாவுக்கு! இது தியாகமல்ல. உங்கள் உடலும் அல்லாஹ் தந்த அமானிதமே. கணவர்மாரே, மனைவியின் தட்டில் என்ன இருக்கிறதென்று இன்றிரவு பாருங்கள்.

உணவு மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. தோலை மூப்படையச் செய்வதில் வெயிலுக்கும் புகைத்தலுக்கும் பெரும் பங்குண்டு. நிறையத் தண்ணீர் குடிப்பதால் சுருக்கம் அழியாது. எனினும் சோடாவின் இடத்தைத் தண்ணீர் பிடித்தால் அதுவே இலாபம். வெண்மையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதால் இன்னும் எச்சரிக்கை தேவை.

அல்அஃராப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம் உண்ணவும் பருகவும் அனுமதித்து, வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. அந்த வரம்பை இன்றே ஒரு கரண்டியால் தொடங்கலாம். இரண்டு கரண்டிச் சீனியை ஒன்றாக்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியமான ஆயுளைத் தந்தருள்வானாக! ஆமீன்.