வண்டி விடும் புகையின் நிறத்தைப் பாருங்கள்



நெல்லுக்கு மேலுரம், கடலைக்கு ஜிப்சம் என்று பேசுகிற விரிவாக்க அலுவலர் இன்றைக்கு லோடு வேனைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. மாட்டு வண்டி நின்ற இடத்தில் இப்போது பல ஊர்களில் சிறிய டீசல் வேன் நிற்கிறது. நாம் குட்டியானை என்று கூப்பிடுகிறோமே, அந்த வண்டி 2005-ல் விற்பனைக்கு வந்தது. இன்றைக்குத் தக்காளியும் கத்தரியும் வாழைத்தாரும் விடியற்காலைச் சந்தைக்குப் போவது இப்படிப்பட்ட வண்டிகளில்தான். அவற்றில் பல, செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய வண்டிகள். வண்டி ஒர்க்ஷாப்பில் இரண்டு நாள் படுத்துவிட்டால், பறித்த தக்காளி தோட்டத்திலேயே கனிந்து போகும். ஆகவே வண்டியின் நலமும் விவசாயத்தில் சேர்ந்ததுதான்.

பழைய டீசல் வேனில் அடிக்கடி வருகிற தொல்லை புகை. புகை வந்ததும் சிலர் நேரே பம்பைக் கழற்றச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் தீர்கிற கோளாறுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகிவிடுகிறது. பயிரில் அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, கொழுந்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று நிறத்தைப் பார்த்துத்தானே சொல்கிறோம்? அதேபோலப் புகையின் நிறத்தைப் பார்த்தே கோளாறு எந்தப் பக்கம் என்று பெருமளவு சொல்லிவிடலாம். செலவில்லாத காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். செலவு அதிகமானதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

கரும்புகை: காற்றுப் பஞ்சம்

ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 10,000 லிட்டர் காற்று. டீசல் இன்ஜின் நன்றாக எரிக்க வேண்டுமானால் இதைவிடக் கூடுதலாகவே காற்று உள்ளே போக வேண்டும். காற்றுக் குறைந்தாலும், டீசல் அளவுக்கு மிஞ்சி இறங்கினாலும், எரியாத கரி புகையாக வெளியே வருகிறது. அதுதான் கரும்புகை. கரும்புகை விடுகிற வண்டி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசலையே கரியாக்கி ரோட்டில் கொட்டுகிறது என்று அர்த்தம்.

முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். மண் பாதையிலும் களத்து மேட்டிலும் ஓடுகிற வண்டிக்கு நெல் தூசும் கடலைக் கொடித் தூசும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். டவுனில் ஓடுகிற வண்டியின் கணக்கு நமக்கு ஒத்து வராது. பில்டரை வெளியே எடுத்து, உள்பக்கம் டார்ச் லைட்டை வைத்துப் பாருங்கள். வெளிச்சம் வெளியே தெரியாவிட்டால் அது அடைத்துவிட்டது. காகித பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால், குறைந்த அழுத்தத்தில், உள்ளேயிருந்து வெளியே அடிக்க வேண்டும். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கிழிந்த பில்டர் வழியே மண் உள்ளே போனால் பிஸ்டனும் லைனரும் தேய்ந்துபோகும்.

இரண்டாவது, ஏர் ஹோஸ். டர்போ உள்ள வண்டியில், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, அமுக்கிய காற்று வழியிலேயே போய்விடும். மேட்டில் ஏறும்போது உஸ் என்று சத்தம், இழுவைக் குறைவு, கூடவே கரும்புகை, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வண்டியை நிறுத்தி, சூடு ஆறியபின், ஹோஸின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

வெண்புகையும் நீலப்புகையும்

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் சிறிது நேரம் வெள்ளையாக வந்து மறைவது நீராவி. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெண்புகை நிற்காமல் வந்து, டீசல் வாடை அடித்து, கண் எரிந்தால், டீசல் எரியாமலே வெளியே போகிறது. அப்போது ஹீட்டர் பிளக், நாசில், இன்ஜின் கம்ப்ரெஷன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்ல வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் இன்ஜின் திணறி வெண்புகை விடும். மோட்டாருக்கென்று கேனில் வாங்கி வைத்த டீசலை வண்டிக்கு ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டீசல் பில்டரின் அடியில் திருகு இருந்தால், அதைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

வெண்புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் நாளுக்கு நாள் குறைந்தால், அது வேறு சங்கதி. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது. ஓட்டினால் ஹெட்டே வளைந்து, செலவு பல மடங்காகிவிடும்.

நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் ஊற்றியிருந்தாலும் நீலப்புகை வரும்; அதிகப்படியை வடித்துவிட்டால் சரியாகிவிடும். அளவு சரியாக இருந்தும் நீலப்புகை வந்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால், பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ சீல் இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். இது ஒர்க்ஷாப்பில் பார்க்க வேண்டிய வேலை.

இ.ஜி.ஆர். வால்வு என்பது என்ன?

நம் நாட்டில் வண்டிப் புகைக்கு பாரத் ஸ்டேஜ் என்று படிப்படியாக அளவு வைத்தார்கள். நாடு முழுவதும் பி.எஸ்.-3 விதி 2010-லும், பி.எஸ்.-4 விதி 2017 ஏப்ரலிலும், பி.எஸ்.-6 விதி 2020 ஏப்ரலிலும் வந்தன. இந்த விதிகளுக்காகப் பல டீசல் வண்டிகளில் சேர்த்த ஓர் உறுப்புதான் இ.ஜி.ஆர். வால்வு. பழைய வேனில் அதிகம் தொல்லை கொடுப்பதும், அதிகம் பழி சுமப்பதும் இதுதான்.

இதன் வேலை என்ன? காற்றில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவாக நைட்ரஜன் இருக்கிறது. யூரியாவில் நாம் போடுகிற அதே தழைச்சத்துதான். சாதாரணமாக அது எதனோடும் சேராமல் சும்மா இருக்கும். இன்ஜினுக்குள் கடுஞ்சூட்டில் மட்டும் பிராணவாயுவோடு சேர்ந்து நச்சு வாயு ஆகிவிடுகிறது. அந்த வாயு வெயிலில் மற்ற புகைகளோடு கலந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகிறது. இந்த ஓசோன் மனிதரின் நுரையீரலுக்கும் கெடுதல், பயிரின் இலைக்கும் கெடுதல். இதைக் குறைக்கத்தான், வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிறார்கள். அந்தப் புகையில் பிராணவாயு குறைவு. ஆகவே எரியும் சூடும் குறைகிறது. வாய்க்கால் மடை மாதிரி, எப்போது எவ்வளவு புகையை உள்ளே விடுவது என்று திறந்து மூடுவதே இந்த வால்வின் வேலை.

நாளாவட்டத்தில் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து வால்வில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும். மடைப்பலகையில் வண்டல் அடைத்தால் மூட முடிகிறதா? அதே கதைதான். திறந்தபடியே சிக்கிக்கொண்டால், ஆக்சிலேட்டரை அமுக்கும்போது நல்ல காற்றுக்குப் பதில் புகையே உள்ளே போகும். பிக்கப் குறையும், இன்ஜின் நடுங்கும், கரும்புகை கக்கும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் புகை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் நச்சு வாயு கூடும். பல வண்டிகளில் டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஸ்கேனர் இ.ஜி.ஆர். என்று காட்டியதும் புது வால்வு வாங்கிவிட வேண்டாம். காற்றால் இயங்குகிற வகையானால், வால்வுக்கு வருகிற மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மின்சார வகையானால், வயர் பிளக் தளர்ந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருந்தால், இன்ஜின் ஆறியபின் வால்வைக் கழற்றிக் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்யலாம். மின்சாரப் பகுதியை நனைக்கக் கூடாது. ஸ்குரூடிரைவரால் குத்திச் சுரண்டக் கூடாது. திரும்பப் பூட்டும்போது புதுக் கேஸ்கட் போட வேண்டும். சுத்தம் செய்தும் வால்வு அசையாவிட்டால்தான் புதியது வாங்க வேண்டும்.

தகடு வைத்து அடைக்கலாமா?

"இ.ஜி.ஆரை ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம், அப்புறம் தொல்லையே இல்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். அடைத்தால் கரும்புகை குறையும், அது வாஸ்தவம். ஆனால் அதனால்தான் ஏமாந்து போகிறோம். கண்ணுக்குத் தெரிகிற கரி குறைந்து, கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு கூடிவிடுகிறது. டீசல் வண்டிக்கு எடுக்கும் புகை டெஸ்ட் கரியை மட்டும்தான் அளக்கிறது. இந்த வாயுவை அளப்பதில்லை. இன்ஜின் விளக்கும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். நாளை உண்மையான வேறு கோளாறு வந்தாலும் நமக்குத் தெரியாது. கம்பெனி பூட்டிக் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவது சட்டத்துக்கும் விரோதம். சைலன்சர் குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் நல்ல விலை தருகிறோம் என்று கேட்டு வாங்குகிறார்கள். உள்ளே பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருப்பதால்தான் அந்த விலை. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டால், திரும்பப் பூட்ட நாம் கொடுக்க வேண்டிய காசு அதைவிட அதிகம்.

பம்பும் நாசிலும் கடைசியில்

ஏர் கிளீனர், ஹோஸ், டீசல் பில்டர், இ.ஜி.ஆர். எல்லாம் பார்த்த பிறகும் கரும்புகை நிற்காவிட்டால், அப்போது நாசிலையும் பம்பையும் கழற்றி மெஷினில் வைத்துச் சோதிக்கலாம். ஒன்றை மறவாதீர்கள். காமன் ரெயில் வண்டியில் டீசல் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும். வண்டி டயரில் இருக்கிற அழுத்தத்தைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு. இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாயைத் தளர்த்தினாலோ, கசிவைக் கையால் தடவினாலோ, டீசல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறியது என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புகைச் சான்றிதழ்

வண்டி பதிவாகி ஓராண்டு ஆனபின் புகைச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பி.எஸ்.-3 வரையுள்ள வண்டிகளுக்கு ஆறு மாதமும், பி.எஸ்.-4 முதலான வண்டிகளுக்கு ஓராண்டும் அது செல்லும். ஹார்ட்ரிட்ஜ் என்ற அளவில், பி.எஸ்.-4-க்கு முந்திய டீசல் வண்டிக்கு 65-ம், பி.எஸ்.-4 வண்டிக்கு 50-ம் உச்ச வரம்பு. புகை வரம்பு மீறினால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. ஒரு வண்டி காய்கறியின் லாபம் அதிலேயே போய்விடும்.

டெஸ்டுக்குப் போகும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜின் எப்போதும் கூடுதலாகவே புகை காட்டும். ஆகவே இருபது நிமிடமாவது ஓட்டிவிட்டு, அணைக்காமல் நேரே டெஸ்டுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன்பே ஏர் கிளீனரைப் பார்த்துவிடுங்கள். எப்.சி.க்கு முந்தின நாள் ஓடுவதைவிட, அறுவடை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலைகளை முடித்துக்கொள்வது நல்லது.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் வகைப்படுத்தியிருக்கிறது. திண்ணைக்கு எதிரே வண்டியை ஓடவிட்டுக்கொண்டு லோடு ஏற்றாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. குழந்தைகள் சைலன்சர் பக்கம் நின்று விளையாடவும் விடாதீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், கறுப்பென்றால் காற்றையும், வெள்ளையென்றால் எரியாத டீசலையும் தண்ணீரையும், நீலமென்றால் ஆயிலையும் பாருங்கள். நாளைக் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் உடனே ஏறி உட்காராமல், பின்பக்கம் போய் ஒரு நிமிடம் புகையைப் பாருங்கள். பயிரைத் தினமும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிற உங்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை.