எட்டுப் பேருக்கு எத்தனை அடுப்பு?

1952 மே 27 இரவு. எவரெஸ்டின் தென்கிழக்கு முகட்டில், சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரம். உள்ளே சுவிட்சர்லாந்தின் ரேமண்ட் லம்பேரும், ஷெர்பா டென்சிங் நோர்கேயும். தூங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை போராடி ஏறி, அதற்குமேல் முடியாமல் திரும்பினார்கள்.

ஆக்சிஜன் கருவிகள் ஒழுங்காக வேலை செய்யாதது ஒரு காரணம். உடலில் நீர் வற்றிப்போனது இன்னொரு காரணம் என்று பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ கருதினார். 1953 பிரிட்டிஷ் எவரெஸ்ட் பயணத்தில் அவர் வற்புறுத்தியபடி அடுப்பு, எரிபொருள், குடிநீர் மூன்றுக்கும் தனிக் கவனம் தரப்பட்டது. அந்த ஆண்டு மே 29 அன்று டென்சிங்கும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியைத் தொட்டார்கள்.

நம் ஊரிலிருந்து இமயமலைக்கு டிரெக்கிங் போகிறவர்கள் அவ்வளவு உயரம் போவதில்லை. ஆனாலும் சொந்தமாகச் சமைத்துக்கொள்ளும் குழுவில், சுமையைக் குறைக்க உட்காரும்போது இரண்டாவது அடுப்புதான் முதலில் வெட்டுப்படுகிறது. அது சரியா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

10 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு லிட்டர் ஓடைநீரை 100 டிகிரிக்குக் கொதிக்கவைக்க 377 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் கேஸ் எரிந்தால் சுமார் 46 கிலோஜூல் கிடைக்கும். காற்றடிக்காத இடத்தில் அதில் பாதி தண்ணீரில் சேரும் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 16 கிராம் கேஸ் ஆகும். ஓடை உறைந்து பனியைத்தான் உருக்க வேண்டும் என்றால் கணக்கு மாறிவிடும். ஒரு கிலோ பனி உருகவே 334 கிலோஜூல். உருகிய நீர் கொதிக்க இன்னொரு 418. மொத்தம் 752, அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு.

பனியில் முகாமிட்ட எட்டுப் பேருக்கு, தலைக்கு 2 லிட்டர் வீதம் மாலையில் 16 லிட்டர் வேண்டும். அதற்கு அரைக்கிலோவுக்குச் சற்று அதிகமான கேஸ் செலவாகும். ஒரே அடுப்பில் எரித்தாலும் மூன்று அடுப்புகளில் எரித்தாலும் இந்த அளவு மாறாது. எரிபொருளை நிர்ணயிப்பது தண்ணீர். அடுப்பின் எண்ணிக்கை நிர்ணயிப்பது நேரத்தை. சாதாரணமான சிறு கேஸ் அடுப்பில் ஒரு கிலோ பனி உருகிக் கொதிக்கப் பத்து நிமிடம் என்றால், ஒற்றை அடுப்புக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் பிடிக்கும். மூன்று அடுப்புகள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். கேஸ் குப்பியின் தலையில் திருகும் அடுப்பு சுமார் 100 கிராம்தான். ஏறக்குறைய இரண்டு மணி நேரக் குளிருக்கு எதிராக அந்த எடையை வைத்துப் பாருங்கள்.

குளிர் இன்னொரு விதத்திலும் ஒற்றை அடுப்பைச் சோதிக்கும். குப்பிக்குள் திரவமாக இருக்கும் கேஸ், ஆவியாகும்போது குப்பியின் வெப்பத்தையே உறிஞ்சுகிறது. கல்யாணச் சமையலில் பெரிய அடுப்போடு இணைத்த சிலிண்டர் வியர்ப்பதும் இதனால்தான். பியூட்டேன் கடல்மட்டத்தில் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஐசோபியூட்டேனுக்கு மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. கலப்புக் கேஸ் வாங்குவது அதனால்தான். அப்படியிருந்தும் ஒரே குப்பியை விடாமல் எரித்தால் அது குளிர்ந்து, சுடர் தளரும். வேலையை இரண்டு குப்பிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் தாக்குப்பிடிக்கும்.

உயரமும் சேர்ந்துகொள்கிறது. லே நகரம் இருக்கும் 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் அந்தச் சூட்டில் எளிதில் வேகாது. அங்கே இன்னொரு அடுப்பைவிடச் சின்ன பிரஷர் குக்கர் அதிகம் உதவும்.

பெரிய பாத்திரம் ஒன்றே போதும் என்றும் சிலர் நினைப்பார்கள். குறுகலான சிறு அடுப்பின்மேல் ஆறு லிட்டர் கொதிநீர் நிலையாக நிற்காது. மருத்துவமனை இரண்டு நாள் நடைதூரத்தில் இருக்கும் இடத்தில் வெந்நீர்க் காயம் விளையாட்டல்ல. அதேபோல, எத்தனை அடுப்பானாலும் மூடிய கூடாரத்துக்குள் எரிக்கவே கூடாது. அடுப்பு எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை.

ஆகவே மூன்று அல்லது நான்கு பேருக்கு ஓர் அடுப்பு; பனிப்பகுதி என்றால், குழு எவ்வளவு சிறியதானாலும் குறைந்தது இரண்டு. அவற்றை ஒரே பையில் அடைக்க வேண்டாம். மூடுபனியில் குழு இரண்டாகப் பிரிந்தாலும் ஒவ்வொரு பாதியிடமும் அடுப்பு, குப்பி, பாத்திரம், தீப்பெட்டி இருக்க வேண்டும். அடுப்பின் துளை அடைத்துக்கொண்டால் மாற்று வேண்டும்.

சுமைப் பட்டியலை முடிக்குமுன் குழுத் தலைவர் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: முகாமுக்குக் கடைசியாக, மிகவும் களைத்து வந்து சேர்பவருக்கு எத்தனை மணிக்குச் சூடாக ஏதாவது குடிக்கக் கிடைக்கும்? அவரால் அதுவரை தாங்க முடியாது என்றால், இன்னோர் அடுப்பைப் பையில் வைத்தே ஆக வேண்டும்.