ஜெலிக் கோப்பைக்குள் மறைந்திருப்பது

ஆடி, ஆவணி வந்தால் சரவணையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் சில திறக்கும். 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்து, பின்னர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறிய குடும்பங்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் காலம் அது. அப்படியொரு வீட்டின் பிறந்தநாள் விருந்தில், ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சின்னக் கோப்பைகளில் ஜெலி அடுக்கியிருந்ததைக் கண்டேன். அது சிறுவர்களுக்கான இனிப்பு அல்ல. 'ஜெலி ஷொட்' எனப்படும், வொட்கா கலந்த ஜெலி.

மேற்குநாட்டு மதுச்சாலைகளில் இது பழைய பண்டம். அமெரிக்கரான ஜெரி தோமஸ் 1862இல் வெளியிட்ட மதுக்கலவை நூலிலேயே இதன் மூதாதையான 'பஞ்ச் ஜெலி' இருக்கிறது. அதன் வீரியம் வாய்க்குத் தெரியாது, அளவோடு உண்ணுங்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். ஆபத்து இன்றும் அதுதான்.

செய்முறை எளிது. 85 கிராம் ஜெலித் தூளை 240 மில்லிலீற்றர் கொதிநீரில் கரைப்பார்கள். அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டு, 120 மில்லிலீற்றர் குளிர்நீரும் அதேயளவு மதுவும் சேர்ப்பார்கள். மதுவை அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. அதன் ஆவி தீப்பிடிக்கும். பிறகு 30 மில்லிலீற்றர் கோப்பைகளில் ஊற்றிக் குளிரூட்டினால் 16 கோப்பைகள் வரும்.

கணக்கைப் பாருங்கள். 40 வீத வொட்கா என்றால் ஒரு கோப்பையில் சுமார் 2.4 கிராம் மதுசாரம் இருக்கும். ஐந்தாறு கோப்பைகள், 5 வீத பியர் 330 மில்லிலீற்றர் குடித்ததற்குச் சமம். குளிர்நீரே இல்லாமல் முழுவதும் மதுவாகச் சேர்த்தால் மூன்று கோப்பைகளே போதும். வெறி ஏறச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் பத்துக் கோப்பை உள்ளே போய்விடும்.

மறைந்திருப்பது மது மட்டுமல்ல. ஜெலட்டின் பன்றி, மாடு ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. மரக்கறி மட்டும் உண்பவர்களும் முஸ்லிம் விருந்தினரும் அதை அறிய வேண்டும். எங்கள் வெயிலுக்கும் அது தாங்காது; 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகிவிடும். பச்சைப் பப்பாசியோ அன்னாசியோ சேர்த்தால் உறையவே உறையாது. அவற்றிலுள்ள நொதியம் ஜெலட்டினைச் சிதைத்துவிடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் இதற்கெல்லாம் மாற்று. 85 பாகை வரை உருகாது. பிரிட்ஜ் இல்லாமலும் உறையும். யாழ்ப்பாணக் கடனீரேரிப் பாசிக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே 'சிலோன் மொஸ்' என்ற பெயரில் வெளிநாட்டுச் சந்தை இருந்தது. தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்து மதுவில்லாமல் செய்தால் எல்லோரும் உண்ணலாம்.

மது சேர்த்துத்தான் செய்வதென்றால், அதைச் சொல்லிக் கொடுங்கள். போருக்குப் பிறகு இழப்பை மறக்கக் குடியில் விழுந்து, பெரும்பாடுபட்டு அதை விட்டவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். தெரியாமல் கொடுக்கும் ஒரு கோப்பை அந்த ஆண்டுகளின் உழைப்பைக் குலைத்துவிடலாம். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு, முதலில் அதில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டும்.

பிள்ளைகள் விடயம் இன்னும் பாரதூரமானது. சிறு உடலில் மதுசாரம் இரத்தச் சர்க்கரையைச் சடுதியாகக் குறைக்கும். பிள்ளை தூங்கி வழிந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மூச்சு மெதுவானாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். என்ன உண்டது என்பதை வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். வீட்டு விருந்தில் அந்தக் காவலை வீட்டுக்காரரே செய்ய வேண்டும். மது கலந்த ஜெலியைத் தனி மேசையில், வேறு நிறக் கோப்பையில், பெயர் எழுதி வையுங்கள். அங்கே ஒரு பெரியவர் நிற்கட்டும்.