பாலாற்று மணலில் ஒரு சின்னத் துளை

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் பாலாற்றை எட்டிப் பார்த்து, “தண்ணியே இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படிப்பட்ட ஆறுகளில் தேங்கிய நீரோரத்து ஈரமணலை இளவெயிலில் குனிந்து பார்த்தால், விரல்நக அளவு வண்டு ஒன்று விர்ரென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும். அதுதான் புலிவண்டு. இந்தியாவில் மட்டும் 200 வகைகளுக்கு மேல் உண்டு.

ஓடும் வேகத்தில் அதன் கண்ணுக்கு இரை மங்கிப்போகிறது. அதனால்தான் நின்று, இடம் பார்த்து, திரும்பப் பாய்கிறது. ஆஸ்திரேலிய வகை ஒன்று நொடிக்கு 2.5 மீட்டர் ஓடும்! படம் எடுக்க அது நிற்கும் நேரம்தான் வாய்ப்பு. நடந்து போனால் பறந்துவிடும். மணலில் படுத்து, நிழல் விழாமல், முழங்கையால் நகருங்கள். செல்போனில் மாட்டும் கிளிப் லென்ஸ் இதற்கு உதவாது. அத்தனை நெருக்கத்தில் வண்டு விடாது.

என்னைக் கேட்டால், பளபளக்கும் வண்டைவிடத் துளையின் படம்தான் மதிப்பு. பென்சிலால் குத்தியதுபோல் வட்டமான துளை. உள்ளே புலிவண்டின் புழு, தட்டைத் தலையால் வாசலை அடைத்துக் காத்திருக்கும். எறும்பு தாண்டினால் பின்னால் வளைந்து கவ்வும். இரை திமிறி வெளியே இழுத்துவிடாதபடி அதன் முதுகில் கொக்கிகள் உண்டு. இவ்வளவு இருந்தும், மெத்தோக்கா என்ற இறக்கையில்லாப் பெண்குளவி துளைக்குள் புகுந்து, புழுவைக் கொட்டி, அதன்மேல் முட்டையிட்டுவிடுகிறது.

புழுவுக்கு வளரப் பல மாதம், சில வகைகளில் ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதுவரை மணல் கலையாமல் இருக்க வேண்டும். ஒரு லாரி மணல் அள்ளினால் ஒரு தலைமுறையே போச்சு. பாலாறு என்றாலே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றித்தான் பேசுகிறோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் சொன்னதும் இந்தப் பகுதி வழக்கில்தான். ஆனால் மணலின் நலத்தைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டாமா? ஓரிடத்தின் உயிர்வளத்தைக் கணிக்கப் புலிவண்டுகளை அளவுகோலாக வைக்கலாம் என்று ஆய்வாளர்கள் பியர்சனும் கசோலாவும் 1992-இலேயே எழுதியிருக்கிறார்கள்.

அந்தச் சாட்சிக்காகத் துளையைப் படம் எடுக்கும்போது, நிழல் பட்டதும் புழு உள்ளே இறங்கிவிடும். அசையாமல் இருந்தால் மேலே வரும். கிளிப் லென்ஸுக்கு இங்கே வேலை உண்டு. அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள். தேதி, இடத்தோடு, உயிரினப் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். அடுத்த வருடம் அதே மாதம், அதே இடத்தில் இன்னொரு படம் எடுங்கள்.