விருந்தாளி வாத்தியார்கள்

ஆங்கிலம் சொல்லித்தர ஜப்பானில் வந்திறங்கும் வெளிநாட்டு இளைஞர்களுக்கு வரவேற்பு பலமாகவே இருக்கிறது. வேர்விடத்தான் இடம் குறைவு.

ஜப்பானில் குப்பை கொட்டுவது லேசான காரியம் அல்ல. பேச்சுவழக்கின் அர்த்தத்தில் அல்ல, நிஜமாகவே. எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, பிளாஸ்டிக்குக்கு வேறொரு கிழமை, பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் இன்னொன்று என்று ஒவ்வொரு நகராட்சியும் அட்டவணை போட்டிருக்கிறது. பல ஊர்களில் நகராட்சி குறிப்பிடும் பையில்தான் போட வேண்டும். தப்பான நாளில் வைத்தால், எடுக்க மாட்டோம் என்று ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள். தெருவுக்கே ஒரே ஒரு வெளிநாட்டவர்தான் என்றால், பை யாருடையது என்று விசாரணை தேவைப்படாது.

அந்த வெளிநாட்டவர் பெரும்பாலும் ஆங்கில ஆசிரியராக இருப்பார். வயது இருபதுகளில். கையில் ஏதோ ஒரு பட்டம். ஆசிரியர் பயிற்சி அநேகமாகக் கிடையாது, அது கட்டாயமும் அல்ல. ஜெட் எனப்படும் அரசுத் திட்டம் இப்படிப்பட்டவர்களை 1987 முதல் அழைத்து வருகிறது. முதல் ஆண்டில் வந்தவர்கள் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய 4 நாடுகளைச் சேர்ந்த 848 பேர். இன்று சுமார் 50 நாடுகளிலிருந்து 5,000க்கும் அதிகமானோர். மிகச் சிறிய எண்ணிக்கையில் இந்தியர்களும் உண்டு.

திட்டம் பிறந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானின் கார்களும் டி.வி.க்களும் அமெரிக்கச் சந்தையை நிரப்பி, வர்த்தகத் தகராறு முற்றியிருந்த காலம். நகசோனே பிரதமர். தன் கதவைத் திறக்காத நாடு என்ற கெட்ட பெயரைத் துடைக்க ஜப்பானுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அமெரிக்க இளைஞனை மலைக்கிராமப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைப்பது அதற்கு நல்ல வழி. ஆங்கிலம் கற்பிப்பது ஒரு நோக்கம்தான். ஒரு வெளிநாட்டு முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வைப்பது அதைவிடச் சிறிய நோக்கம் அல்ல.

டோக்கியோ கனவோடு வருபவர்களில் பலருக்கு வாய்ப்பது ஒரு தீவோ, நெல்வயல் சூழ்ந்த சிற்றூரோதான். விருப்பத்தைக் கேட்பார்கள், உத்தரவாதம் தரமாட்டார்கள். குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, செல்போன், மருத்துவக் காப்பீடு என்று படிவங்கள் நீளும். கையெழுத்தின் இடத்தில் ஹான்கோ என்ற முத்திரையைக் குத்தும் வழக்கம் குறைந்து வந்தாலும் இன்னும் மறையவில்லை. புதிய ஆசிரியர் தன் பெயரைக் கதகானா எழுத்தில் செதுக்கி வாங்கிக்கொள்வதுதான் பலருக்கு முதல் ஜப்பானியப் பெருமிதம்.

வீடு அதைவிடப் பெரிய பாடம். முன்பணம் ஒருபுறம் இருக்க, ரெய்கின் என்று ஒன்று உண்டு. வீடு தந்ததற்காக உரிமையாளருக்குத் தரும் நன்றிப் பணம், திரும்பி வராது. ஜாமீனுக்கு ஒருவர் அல்லது ஜாமீன் நிறுவனம் வேண்டும். வெளிநாட்டவர் என்றதும் கையை விரிக்கும் உரிமையாளர்களும் உண்டு. கதவைத் திறந்து உள்ளே போனால் கூரையில் விளக்குகூட இல்லாமல் வெறும் கொக்கி இருக்கலாம். விளக்கு வாங்கி மாட்டுவது குடிவருபவர் பொறுப்பு. ஜெட்டில் வருபவருக்கு உள்ளூர்க் கல்வி வாரியம் கைகொடுக்கும், பெரும்பாலும் முந்தைய ஆசிரியர் இருந்த வீடே கிடைத்துவிடும். தனியாக வருபவர் பாடு திண்டாட்டம்.

பெரும்பாலோர் வந்து சேர்வது கோடையில். பள்ளி விடுமுறை. பாடம் இல்லை, ஆனாலும் அலுவலக நேரம் முழுக்க ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். மேஜைகளை முட்டுக்கொடுத்து வரிசையாகப் போட்ட பெரிய அறை. எல்லோர் பார்வையும் எல்லோர் மேலும் படும். ஜப்பானிய ஆசிரியர்கள் விடுமுறையிலும் விளையாட்டுப் பயிற்சி, கூட்டம் என்று ஓடிக்கொண்டிருப்பார்கள். புதியவர் அகராதியைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காலையில் வணக்கம் சொல்வது, வெளிச் செருப்பை வாசலில் கழற்றி உள்ளுக்கென்று வைத்த செருப்பை மாட்டுவது, வெளியூர் போய் வந்தால் அறை முழுவதற்கும் இனிப்புப் பெட்டி வாங்கி வருவது, இந்தச் சின்னச் சமாசாரங்கள்தான் அவரை எடைபோடும் தராசு. ஆங்கில இலக்கணம் அப்புறம்.

வகுப்பு தொடங்கியதும் பதவியின் பெயரில் உள்ள 'உதவி' என்ற சொல்லின் கனம் புரியும். உதவி மொழி ஆசிரியர் தனியாகப் பாடம் நடத்துபவர் அல்ல. ஜப்பானிய ஆசிரியரோடு சேர்ந்து நடத்துபவர். சிலர் அவருக்குப் பாதி வகுப்பை விட்டுக்கொடுப்பார்கள். சிலர் பாடப்புத்தகத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு மூலையில் நிறுத்துவார்கள். மனித டேப்ரிகார்டர் என்று இந்த ஆசிரியர்கள் தங்களையே கேலி செய்துகொள்வது இதனால்தான். ஜப்பானிய ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. உயர்நிலைப் பள்ளிக்கே நுழைவுத்தேர்வு உள்ள நாட்டில் அவர் கவலை மதிப்பெண். தேர்வு கேட்பது இலக்கணத்தை, பேச்சை அல்ல.

மாணவர்களின் மௌனம்தான் புதியவரை அதிகம் கலங்கடிக்கிறது. கேள்வி கேட்டால் பதில் வராது. தெரியாது என்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்திலிருப்பவனோடு கூடிப் பேசி, சரிதானா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே வாய் திறப்பார்கள். நாலு பேர் முன்னால் தப்பாகப் பேசிவிடக் கூடாது என்ற பயம். உச்சரிப்பு வேறு. ஜப்பானிய எழுத்தில் மெய் தனியாக நிற்பது அரிது, உயிர் வந்து ஒட்டிக்கொள்ளும். மெக்டொனால்ட்ஸ் 'மகுதொனருதோ' ஆகிவிடும். பஸ்ஸை 'பஸ்ஸு' என்றும் பேங்கை 'பேங்கு' என்றும் சொல்லிப் பழகிய தமிழர் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

பலன்? 2011-ல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கட்டாயமானது. 2020-ல் அது முறையான பாடமாகி, 3-ம் வகுப்பிலேயே அறிமுகமும் தொடங்கியது. ஆனாலும் இ.எஃப். நிறுவனத்தின் 2024 ஆங்கிலத் திறன் பட்டியலில் 116 நாடுகளில் ஜப்பானுக்கு 92-வது இடம். அந்தத் தேர்வை விரும்பியவர்கள் மட்டுமே எழுதுகிறார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இத்தனை ஆண்டு முயற்சிக்கு இது பெருமைப்படும் இடம் அல்ல.

வகுப்புக்கு வெளியேதான் இந்த ஆசிரியர்கள் ஜெயிக்கிறார்கள். மதிய உணவை மாணவர்களே வெள்ளை அங்கி மாட்டிப் பரிமாற, அவர்களோடு உட்கார்ந்து அதையே ஆசிரியரும் சாப்பிடுகிறார். பிறகு துப்புரவு நேரம். வகுப்பறையையும் நடைபாதையையும், பல பள்ளிகளில் கழிப்பறையையும்கூட, பிள்ளைகளே சுத்தம் செய்கிறார்கள். துடைப்பத்தைத் தொடத் தயங்குபவர் யாருமில்லை. (நம் ஊர்ப் பள்ளிகளில் அந்தத் துடைப்பம் யார் கையில் தரப்படுகிறது என்பது வேறு கதை.) வகுப்பில் வாயைத் திறக்காத பையன் அப்போது ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து, தனக்குப் பிடித்த கால்பந்து வீரரின் பெயரைச் சொல்வான். அங்கே தொடங்கும் பேச்சு.

சம்பளம் மோசமில்லை, பிரமாதமும் இல்லை. ஜெட்டில் ஆண்டுக்கு 36 லட்சம் யென்னாக இருந்தது. 2012-ல் புதிதாக வருபவருக்கு 33.6 லட்சமாகக் குறைந்து, 2025 ஏப்ரலில்தான் 40.2 லட்சமாக உயர்ந்தது. யென்னின் மதிப்பு சரிந்துவிட்டதால் ஊரில் கல்விக்கடன் வைத்துவிட்டு வந்தவருக்கு அதிலும் நிம்மதி இல்லை. உள்ளூர் வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மேல் விதிக்கப்படுகிறது. முதல் ஆண்டில் வராத வரி, எல்லாம் பழகிப்போன இரண்டாம் ஆண்டில் வந்து நிற்கும்.

ஜெட்டுக்கு வெளியே நிலம் இன்னும் வழுக்கல். பல நகராட்சிகள் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் மூலம் ஆசிரியர்களை எடுக்கின்றன. ஊதியம் குறைவு. எய்கைவா எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகள் மற்றொரு உலகம். அவற்றில் மிகப் பெரியதான நோவா 2007 அக்டோபரில் கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளமின்றித் தெருவுக்கு வந்தார்கள். நிறுவனம் பிடித்துக்கொடுத்த வீடுகளின் வாடகை, சம்பளத்தில் கழிக்கப்பட்டும் உரிமையாளருக்குப் போய்ச் சேராததால் சிலரை வீட்டைக் காலிசெய்யச் சொன்னார்கள். சாப்பாடு போட்டால் பாடம் சொல்லித் தருகிறோம் என்று தொழிற்சங்கம் ஏற்பாடு செய்யும் அளவுக்குப் போனது நிலைமை.

இந்தியரைத் தடுக்கும் விதி ஒன்றும் உண்டு. பள்ளியில் கற்பிப்பதற்கான விசாவுக்குப் பட்டம் மட்டும் போதாது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததைக் காட்ட வேண்டும். எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம் என்றால் கதவு திறக்கும். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்துப் பிறகு ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. தேறியவர் நிலை சிக்கல்தான். பிலிப்பைன்ஸ்காரர்களும் ஜமைக்காக்காரர்களும் ஏராளமாகக் கற்பிக்க வந்துவிட்ட பிறகும், ஆங்கிலம் என்றால் வெள்ளைத் தோல் என்ற எண்ணம் பெற்றோரிடமும் விளம்பரங்களிலும் முழுதாகப் போகவில்லை.

பிறகு குளிர்காலம். பெரும்பாலான வீடுகளில் முழு வீட்டையும் சூடாக்கும் வசதி இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பு அல்லது கொதாட்சு எனும் போர்வை போர்த்திய சூட்டு மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு இரவைத் தள்ள வேண்டும். இந்தக் குளிர் தோற்கடித்தவர்களில் மூத்தவர் லஃப்காடியோ ஹெர்ன். 1890-ல் மாட்சுஎ நகருக்கு மாதம் 100 யென் சம்பளத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். ஊரும் பிடித்தது, மனைவியும் அங்கேயே அமைந்தார். குளிர் மட்டும் ஒத்துக்கொள்ளாமல் அடுத்த ஆண்டே தெற்கே குமாமோட்டோவுக்கு மாறிப்போனார். 1896-ல் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். 1903-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அவர் வேலை போனது. அவர் இடத்துக்கு வந்தவர் லண்டனில் படித்துத் திரும்பிய ஜப்பானியர், நட்சுமே சொசெகி.

இன்றைய ஒப்பந்தங்களிலும் விருந்தாளிக்குக் கெடு உண்டு. ஜெட்டில் ஓராண்டு, புதுப்பித்துப் புதுப்பித்து அதிகபட்சம் 5 ஆண்டு. ஊர் பழகி, பாஷை வந்து, பிள்ளைகளின் தம்பி தங்கைகள் பெயர்கூடத் தெரிந்துகொண்ட நேரத்தில் பெட்டி கட்ட வேண்டும். அனுபவசாலி போய் அடுத்த புதுமுகம் வருவார், குப்பை அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு. மொழி வளரவேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கும் அரசு இப்படிச் செய்யாது.

ஊர்க்காரர்கள் கெடுவைப் பார்ப்பதில்லை. 2011 மார்ச் 11 சுனாமியில் ஜெட் ஆசிரியர்கள் இருவர் இறந்தார்கள். ஒருவர் இஷினோமாகி நகரில் கற்பித்த 24 வயது அமெரிக்கப் பெண் டெய்லர் ஆண்டர்சன். பூகம்பம் நின்றதும் பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைக்க உதவிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பியவர் திரும்பவில்லை. அவர் பெற்றோர் அந்த வட்டாரப் பள்ளிகளுக்கு ஆங்கிலப் புத்தகங்கள் வழங்கினார்கள். அவற்றுக்கான அலமாரிகளைச் செய்து கொடுத்தவர் ஓர் உள்ளூர்த் தச்சர். அதே சுனாமியில் தன் 3 குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். அவர் வீட்டிலும் டெய்லரிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் இருந்தார்கள்.