நீர்வழியும் இருப்புவழியும் தந்த மிதிவண்டிப் பாதைகள்

சிங்கப்பூரின் பரப்பளவு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர்தான். வீடுகள், பள்ளிகள், தொழிற்சாலைகள், விரைவுச்சாலைகள், நீர்த்தேக்கங்கள் ஆகிய அனைத்தும் இந்தச் சிறிய நிலத்துக்குள்ளேயே அமைய வேண்டும். அப்படியிருக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதைகளுக்கு இடம் எங்கிருந்து கிடைத்தது?

இப்பாதைகளில் பல, வேறு பயன்பாட்டுக்காக ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் அமைந்தவை. மழைநீர்க் கால்வாய்களைப் பராமரிக்க அவற்றின் இரு கரைகளிலும் நிலம் விடப்பட்டிருந்தது. ரயில் ஓடிய நீண்ட நிலப்பகுதி ஒன்றும் பின்னர்க் கிடைத்தது. இவ்விடங்களே மிதிவண்டிப் பாதைகளாக மாறின. அதனால், அவற்றில் பயணம் செய்பவர்கள் சிங்கப்பூரின் வரலாற்றையும் அறிந்துகொள்ளலாம்.

கால்வாய்க் கரையில் ஒரு பாதை

பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகளைப் ‘பூங்கா இணைப்புப் பாதைகள்’ என்பர். கால்வாய்க் கரைகளைப் பயன்படுத்தி இவற்றை அமைக்கும் பணி 1990களில் தொடங்கியது. 2015ஆம் ஆண்டில் இவற்றின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரை எட்டியது. முதலில் அமைந்தவற்றுள் ஒன்று காலாங் ஆற்றங்கரைப் பாதையாகும்.

காலாங் ஆறு சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. கீழ் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் தொடங்கும் இது, பீஷான், தோ பாயோ, காலாங் பாரு வழியாக ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறது. வெள்ளத்தைத் தடுக்க, மழைநீரை விரைவாகக் கடலுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்காகவே ஆற்றின் பல பகுதிகள் கான்கிரீட் கால்வாயாக மாற்றப்பட்டன. அதன் பிறகு, கால்வாய்க்குள் இறங்கக்கூடாது என்பதே பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் கூறிய அறிவுரையாக இருந்தது.

2012ஆம் ஆண்டில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கு நேர்கோடாக ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய் அகற்றப்பட்டது. அதன் இடத்தில், வளைந்து நெளிந்து ஓடும் ஆறு உருவாக்கப்பட்டது. கற்களும் செடிகளும் கரையைத் தாங்குகின்றன. வெயில் காலத்தில் நீர் குறுகிய ஓடையாக ஓடும். கனமழை பெய்தால், அது இருபுறமும் உள்ள புல்வெளிக்குப் பரவும். மழை நின்றதும் மெல்ல வடிந்துவிடும். எனவே, எச்சரிக்கை ஒலி எழுந்தவுடன் தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மேட்டுக்குச் சென்றுவிட வேண்டும்.

இந்தக் கரைப்பாதைக்கு ஒரு குறையும் இருந்துவந்தது. ஆறு பாலங்களுக்கு அடியில் தடையின்றி ஓடினாலும், மிதிவண்டியோட்டிகளால் அவ்வாறு செல்ல இயலவில்லை. தீவு விரைவுச்சாலை, சிராங்கூன் சாலை போன்றவை குறுக்கிட்ட இடங்களில் அவர்கள் இறங்கி, சாலையைக் கடந்து, மீண்டும் ஏற வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க, பாலமும் சுரங்கப்பாதையும் அமைத்து, பீஷானிலிருந்து நகர மையத்துக்குத் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் திட்டம் வகுக்கப்பட்டது.

தேக்காவும் தண்ணீரும்

காலாங் வடிநிலத்தில் கலக்கும் மற்றொரு நீர்வழி ரோச்சோர் கால்வாய். இது தேக்காவை ஒட்டிச் செல்கிறது. லிட்டில் இந்தியா உருவானதற்கு இப்பகுதியின் நீர்வளமும் ஒரு காரணமாகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கு நீரும் புல்லும் நிறைந்திருந்ததால், கால்நடை வணிகம் வளர்ந்தது. மாடுகளைப் பராமரிக்கத் தெரிந்த இந்தியர்கள் பலர் இங்குக் குடியேறினர்.

அக்கால வாழ்க்கையைத் தெருப்பெயர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய இரண்டும் எருமையைக் குறிப்பவை. முன்னது ஆங்கிலச் சொல். பின்னது மலாய்ச் சொல். ரேஸ் கோர்ஸ் சாலை, ஃபேரர் பார்க்கில் 1933 வரை இயங்கிய குதிரைப் பந்தயத் திடலை நினைவுபடுத்துகிறது. இப்பகுதியில் சுண்ணாம்புச் சூளைகளும் இருந்தன. அதனால், தமிழர்கள் இவ்விடத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்தனர்.

மாட்டு வண்டிகளும் மக்களும் நடமாடிய காலத்தில் அமைந்த இத்தெருக்கள் குறுகலானவை. கடைகளின் முன்னுள்ள ஐந்தடிப் பாதைகளில் காய்கறிக் கூடைகளும் பூமாலைகளும் வாங்க வருவோரும் நிறைந்திருப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இன்னும் அதிகமாகும். அங்கு மிதிவண்டியிலிருந்து இறங்கி, அதைத் தள்ளிக்கொண்டு செல்வதே நல்லது. அவ்வாறு சென்றால்தான் தெருப்பெயர்களைப் படித்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். நகர மையத்தை நோக்கிச் சிறிது தூரம் சென்றால் பென்கூலன் ஸ்திரீட் வரும். அங்கு 2017ஆம் ஆண்டில் வாகனத் தடங்களின் ஒரு பகுதி எடுக்கப்பட்டு, நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் தரப்பட்டது.

ரோச்சோர், காலாங், சிங்கப்பூர் ஆகிய ஆறுகளின் நீர் இறுதியில் மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் நிற்பதே கடினமாக இருந்தது. அந்த அளவுக்குக் குப்பையும் துர்நாற்றமும் மிகுந்திருந்தன. அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ, ஆறுகளைத் தூய்மைப்படுத்தும் பணியை 1977ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தார். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருவோர உணவுக்கடைகள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டன. சரக்குப் படகுகள் வேறிடத்துக்குச் சென்றன. இப்பணி நிறைவடையப் 10 ஆண்டுகள் ஆயின. பலர் தங்கள் பழைய தொழிலையும் இருப்பிடத்தையும் விட்டு விலக நேர்ந்தது.

2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டது. சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் பெய்யும் மழைநீர் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. எனவே, தேக்காவில் ஒருவர் கால்வாயில் எறியும் நெகிழிப்பை, குடிநீருக்கான நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் மிதந்து செல்கிறது. ஆற்றோரமாக மிதிவண்டியில் செல்பவர்கள் இதை நேரிலேயே காணலாம்.

ரயில் சென்ற தடம்

நீர்வழிகளைப் போலவே, பழைய ரயில் தடமும் ஒரு நெடும்பாதையைத் தந்துள்ளது. சிங்கப்பூரில் ரயில் போக்குவரத்து 1903ஆம் ஆண்டில் தொடங்கியது. தஞ்சோங் பகார் ரயில் நிலையம் 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து உட்லண்ட்ஸ் வழியாக மலாயாவுக்கு ரயில்கள் சென்றன. 2011 ஜூன் 30ஆம் தேதியன்று தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது.

அதன் பிறகு, 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. நிலம் குறைந்த நாட்டில் அங்குக் கட்டடங்கள் எழுப்பலாம் என்று கருதுவது இயல்பு. ஆனால், துண்டாடாமல் பசுமை வழியாகவே அதைக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. பொதுமக்கள் பலரும் அதை ஆதரித்தனர். அத்தடம் காக்கப்பட்டது. இன்று அங்கு மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். புக்கிட் தீமாவில் பழைய இரும்புப் பாலங்களையும், புதுப்பிக்கப்பட்டு 2022ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தையும் காணலாம்.

இத்தடத்துக்கும் தமிழர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ரயில்வேயில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள், குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்தை ஒட்டி முனீஸ்வரனுக்குச் சிறு கோயில் ஒன்றை அமைத்து வழிபட்டனர். அக்கோயிலே இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக உயர்ந்து நிற்கிறது.

கடலுக்கு அப்பால் ஒரு கிராமம்

நகரப் பாதைகளில் பழகியவர்கள் கிராமச் சூழலையும் காண விரும்பினால் புலாவ் உபினுக்குச் செல்லலாம். சாங்கியிலிருந்து சிறு படகில் அங்குச் சென்று, படகுத்துறைக்கு அருகிலேயே மிதிவண்டியை வாடகைக்கு எடுக்கலாம். முன்பு கருங்கல் வெட்டிய பள்ளங்களில் இன்று நீர் நிறைந்துள்ளது. தீவின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவா, கடல்வாழ் உயிரினங்கள் நிறைந்த இடம். அங்குக் கடலைத் தூர்த்து நிலம் மீட்கும் திட்டம் 2001ஆம் ஆண்டின் இறுதியில் ஒத்திவைக்கப்பட்டது. அதன் நுழைவாயிலிலேயே மிதிவண்டிகளை நிறுத்திவிட்டு, நடந்துதான் உள்ளே செல்ல வேண்டும்.

பாதையைப் பகிர்தல்

தீவு முழுவதும் உள்ள மிதிவண்டிப் பாதைகளின் நீளத்தை 2030ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டராக உயர்த்த அரசாங்கம் இலக்கு வகுத்துள்ளது. பாதைகள் பெருகும்போது, அவற்றைப் பகிர்ந்துகொள்வோரும் பெருகுவர். மூத்தோரும் குழந்தைகளும் நடக்கும் இடத்திலேயே மிதிவண்டிகளும் செல்கின்றன.

மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். நடைபாதையில் அது 10 கிலோமீட்டர். இந்த வேறுபாட்டின் காரணத்தை ஒரு கணக்கு விளக்கும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 7 மீட்டர் நகர்ந்துவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதே விநாடியில் 3 மீட்டருக்கும் குறைவாகவே நகரும். வீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்து ஒரு குழந்தை திடீரென்று ஓடிவந்தால், அந்த 4 மீட்டர் இடைவெளி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

நடப்பவர்களுக்கு மட்டும் என ஒதுக்கப்பட்ட பாதைகளில் 2025 ஜூலை 1ஆம் தேதி முதல் மிதிவண்டி ஓட்டக்கூடாது. சாலையில் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிவது கட்டாயம். பிரேக்கும், இருளில் ஓட்டுவதற்கு விளக்குகளும் சரியாக இயங்க வேண்டும்.

தூய்மையான ஆற்றங்கரைக்காகப் பலர் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தனர். ரயில் தடம் பசுமையாக நிலைக்கப் பலர் குரல் கொடுத்தனர். அவர்கள் தந்த பாதையில் செல்லும் இளையர்கள், எதிரே நடந்து வருபவருக்கு வழிவிட்டு, வேகத்தைக் குறைத்துச் செல்வது அந்த முயற்சிக்குச் செய்யும் மரியாதையாகும்.