மூச்சு திரும்பிவிட்டது, எலும்பு திரும்பியதா?

காயத்திலிருந்து மீளும் ஓட்டக்காரர் முதலில் தேடுவது ஸ்டாப்வாட்ச்சைத்தான். ஒன்றரை மாதம் ஓய்வெடுத்தாயிற்று, வலியும் இல்லை. மூன்று கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்த்து, பழைய நேரத்தை நெருங்கிவிட்டால் ‘ஃபிட்’ என்று தீர்மானித்துவிடுகிறார். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் மாதிரி இடங்களில் விடியற்காலை ஓடும் பிள்ளைகளுக்கு அவசரப்படக் காரணமும் இருக்கிறது. தமிழகக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். அக்னிவீர் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர். தேர்வுத் தேதி யாருடைய காலுக்காகவும் தள்ளிப்போவதில்லை.

ஆனால் ஸ்டாப்வாட்ச் அளப்பது மூச்சையும் இதயத்தையும்தான். அடிபட்ட இடம் அதில் தெரியாது. இரண்டு மூன்று வாரம் ஓடாமல் இருந்தால் தாங்குதிறன் குறையும்; மறுபடி தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் தேறுவதில்லை. பளு கூடும்போது எலும்பு முதலில் பழையதை அரித்து அகற்றுகிறது, அதன் பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. அந்த இடைவெளியில் அது முன்பைவிட பலவீனமாக இருக்கும். மூச்சு ‘இன்னும் போகலாம்’ என்று சொல்லும் வாரங்களும் எலும்பு இளைத்திருக்கும் வாரங்களும் ஒன்றாக வந்துவிடுவதுதான் சிக்கல். பழைய இடத்திலேயே மறுபடி வலி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் சோதனையை மாற்றிக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் வேகமாக நடந்து வலி இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் இருபத்தைந்து முடிந்து, அடிபட்ட காலில் பன்னிரண்டிலேயே நடுங்கினால் ஓடும் நாள் இன்னும் வரவில்லை. அதே காலில் பத்து முறை குதித்துப் பாருங்கள். வலி இருந்த எலும்பை விரலால் அழுத்துங்கள். எல்லாம் சரியாக இருந்தால் நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெதுவோட்டம் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.

உண்மையான முடிவு மறுநாள் காலையில்தான் தெரியும். படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். குதிகால் நாணில் வந்த காயமென்றால், லேசான வலி இருந்து மறுநாள் காலை அது பழைய நிலைக்கு அடங்கிவிட்டால் தொடரலாம். எலும்பில் வந்ததென்றால் லேசான வலியையும் ஏற்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வலியோட ஓடினாத்தான் வலி போகும்’ என்று சொல்லும் சீனியர் எல்லா மைதானத்திலும் ஒருவர் இருப்பார். இடுப்புக் கவட்டையில் வலி இருந்தால் அவர் பேச்சை ஒருநாள்கூடக் கேட்க வேண்டாம். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விட்டிருந்தால் அது முழுதாக முறியக்கூடும்.

காஞ்சிபுரத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு, டாக்டரிடம் யாரும் அதைச் சொல்வதில்லை. வீட்டில் தறி இருக்கும் பிள்ளைக்கு ‘ஓய்வு’ என்றால் காலையில் மைதானத்துக்குப் போகாமல் குழித்தறியில் உட்காருவது. ஒரு பட்டுப்புடவை முடிவதற்குள் கால் பல ஆயிரம் முறை மிதியை அழுத்துகிறது. கணுக்காலும் குதிகால் நாணும் நாள் முழுக்க வேலை செய்துவிட்டுத்தான் மாலையில் ‘இன்னிக்கு ரெஸ்ட்’ என்று கணக்கு எழுதுகின்றன. ஓட்டத்தைக் குறைக்கும்போது மிதியையும் கணக்கில் சேருங்கள், பிசியோதெரபிஸ்டிடமும் சொல்லுங்கள். செவிலிமேடு பக்கம் பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறதே, அங்கே ஓடலாமா என்று கேட்பார்கள். எலும்புக்கு அது பதமாக இருக்கலாம். குதிகால் நாணில் காயம் உள்ளவருக்கு, கால் புதையும் மணல் சிமெண்டுத் தெருவைவிட மோசம்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லையென்றால் அதை ‘ஓடுறதால அப்படித்தான்’ என்று விடக் கூடாது. ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அந்த நிலையில் எலும்பு ஆறுவதும் தாமதமாகும்.

ஆரம்ப வாரங்களில், எலும்பில் விழும் அழுத்தக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று சொன்ன பிறகும் ஒரே இடத்தில் வலி நின்றால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது உங்கள் உரிமை. கட்டுப் போடும் இடத்துக்குப் போவதும் நம் வழக்கம். ஆனால் முடி அளவு கீறலைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. அதன் மேல் எண்ணெய் விட்டு உருவினால் கேடுதான்.

ஊசியையும் வலி மருந்தையும் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும். ‘ஒரு ஊசி போட்டுக்கோ, செலக்‌ஷன் முடியட்டும்’ என்ற பேச்சில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று உடம்புக்கு. பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காலில் அடிபட்டு, வீக்கம் குறைக்கும் மருந்துகளை அதிக அளவில் எடுத்தார். அவை வயிற்றைக் கெடுத்து, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. மாரத்தானில் சுமார் 36 கிலோமீட்டரில் சாலையோரம் நின்றுவிட்டார். நான்கு ஆண்டு கழித்துத் தொடை எலும்பில் கீறல். அது ஆறிய கையோடு பெய்ஜிங்கில் ஓடி 23-வதாக வந்தார். உலக சாதனையை வைத்திருந்தவருக்கே இந்தக் கதி. காஞ்சிபுரத்து ஏப்ரல் வெயிலில், உடம்பில் தண்ணீர் வற்றிய நிலையில் வலி மாத்திரை போட்டு ஓடினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

இன்னொன்று ஊக்கமருந்துச் சட்டம். கார்டிசோன் வகை ஸ்டீராய்டை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் 2022 ஜனவரி முதல் போட்டிக் காலத்தில் தடை. டிராமடால் வலிமருந்துக்கு 2024 ஜனவரி முதல். சில ஊசிகளின் எச்சம் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019-இல் தோஹாவில் 800 மீட்டர் ஆசியத் தங்கம் வென்றார். நாண்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டின் எச்சம் மாதிரியில் இருந்ததால் பதக்கமும் போய் நான்கு ஆண்டு தடையும் வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். அவருடையது காயத்துக்குப் போட்ட ஊசி என்று நான் சொல்லவில்லை. உடம்பில் இருப்பதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்ற விதி எவ்வளவு கடுமையானது என்பதற்காகச் சொல்கிறேன். ‘டாக்டர் கொடுத்தார்’, ‘ஜிம்மில் கொடுத்த பவுடர்’ என்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது.

அதற்கு வழியும் அதே விதியில் இருக்கிறது. மருந்து உண்மையிலேயே தேவை என்றால், மருத்துவச் சான்றுகளோடு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவிடம் சிகிச்சைக்கான விலக்கு கேட்கலாம். போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. சோதனையில் சிக்கினால் ‘பி’ மாதிரியைப் பரிசோதிக்கக் கேட்கவும், ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் விளக்கம் சொல்லவும், மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு.

பயிற்சியாளர் வற்புறுத்தினாலும் ஊசி வேண்டாம் என்று சொல்லலாம். சம்மதம் இல்லாமல் யாரும் போடக் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குழந்தையைத் துன்புறுத்தினால் 1098 உதவி எண்ணை அழைக்கலாம். மருத்துவமனையில் உங்கள் சிகிச்சைப் பதிவுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. காசு வாங்கிக்கொண்டு தவறான சிகிச்சை கொடுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது இந்த வழி செல்லாது, 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. எந்தப் புகாருக்கும் முதலில் கேட்கப்படுவது சீட்டும் ரசீதும்தான். ஊசி போட்ட கையோடு மருந்தின் பெயரை எழுதி வாங்கிவிடுங்கள்.